மணி அடித்ததால் மட்டும் நாய் கற்கவில்லை: ராபர்ட் ரெஸ்கோர்லாவின் ஆய்வுகள் சொல்வது என்ன?

2024ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். கணினி அறிவியலில் இதைவிடப் பெரிய விருது கிடையாது. கணினி தானே முயன்று, கிடைக்கும் பலனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ‘வலுவூட்டல் கற்றல்’ என்ற துறைக்கு அடித்தளம் போட்டதற்காக இந்த விருது. அந்தத் துறையின் வேர் விலங்குகளின் கற்றலை ஆராய்ந்த உளவியலில் இருக்கிறது என்று செய்திகளில் ஓரிரு வரி வந்தது. பாவ்லோவின் நாயை பி.எட். பாடத்திலோ ஆசிரியர் தகுதித் தேர்வுக்கோ படித்தவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். மணியும் உணவும் சேர்ந்து வரப் பழகி, பிறகு மணி அடித்ததுமே எச்சில் ஊறிய நாயிடமிருந்து கணினி எதைக் கற்றது?

நாயிலிருந்து கணினிக்கு நேர்ப் பாதை இல்லை. நடுவில் 1960களிலும் 70களிலும் எலிகளை வைத்து நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றின் மையத்தில் இருந்தவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரெஸ்கோர்லா (1940–2020). ஸ்வார்த்மோர் கல்லூரியில் இளநிலைப் பட்டம், 1966இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சாலமன் வழிகாட்டலில் முனைவர் பட்டம், 1981 வரை யேல் பல்கலைக்கழகம், அதன் பிறகு மீண்டும் பென்சில்வேனியா. பணி வாழ்க்கையை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவருடைய ஆய்வுகளை அப்படிச் சொல்ல முடியாது. அவற்றைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்வது நல்லது: விலங்கு கற்றுவிட்டது என்று சொல்கிறோமே, எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்?

முதலில் சில சொற்கள்

பாவ்லோவ் வகைக் கற்றலை நம் பாடநூல்கள் ‘ஆக்கநிலையிறுத்தல்’ என்கின்றன. இந்தக் கட்டுரையில் எளிமைக்காக இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறேன்.

1. குறி: தன்னளவில் பெரிய பொருள் இல்லாத ஒலி, விளக்கு போன்றவை.
2. விளைவு: விலங்குக்கு உண்மையிலேயே முக்கியமானது. உணவாகவோ லேசான மின்னதிர்ச்சியாகவோ இருக்கலாம்.

பழைய விளக்கம் இதுதான்: குறியும் விளைவும் அடுத்தடுத்து வந்தால் இரண்டுக்கும் இடையே பிணைப்பு உண்டாகும், எத்தனை முறை சேர்ந்து வருகின்றனவோ அந்த அளவுக்குப் பிணைப்பு வலுக்கும். கற்றல் என்றால் கூடவே வருவதை எண்ணி வைப்பது, அவ்வளவுதான். இன்றும் பல பாடக்குறிப்புகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

ஒப்பீட்டுக் குழுவில் இருந்த ஓட்டை (1967)

ஒலியையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தபின், ஒலி கேட்டால் எலி உறைந்து நிற்கிறது. பயந்துவிட்டது, சரி. ஆனால் அந்தப் பயம் ‘சேர்ந்து வந்ததால்’ உண்டானதா? மின்னதிர்ச்சி வாங்கிய எலி எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிடலாம். இதைப் பிரித்தறிய இன்னொரு குழு எலிகள் வேண்டும். அந்தக் குழுவுக்கு என்ன கொடுப்பது?

அன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒலியையும் மின்னதிர்ச்சியையும் தனித்தனியாக, ஒருபோதும் ஒன்றாக வராதபடி கொடுத்தார்கள். ‘சேர்ந்து வராததால் இந்தக் குழு எதையும் கற்காது’ என்பது நம்பிக்கை. 1967இல் வெளியிட்ட கட்டுரையில் ரெஸ்கோர்லா இதைத்தான் உடைத்தார். ஒலி கேட்கும்போதெல்லாம் மின்னதிர்ச்சி வரவே வராது என்றால், எலிக்கு அதுவே மிகப் பயனுள்ள தகவல். ‘இந்த ஒலி கேட்கும்வரை ஆபத்தில்லை’ என்று அது கற்றுக்கொள்ளும். ஒன்றும் கற்காத குழு என்று வைத்திருந்த எலிகள் உண்மையில் எதிர்த்திசையில் கற்றுக்கொண்டிருந்தன. தராசின் ஒரு தட்டில் ஏற்கெனவே எடை கிடந்தால் எடுக்கும் நிறுவை எப்படிச் சரியாக இருக்கும்?

அவர் முன்வைத்த மாற்று: இரண்டையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நேரங்களில் கொடுக்க வேண்டும். தற்செயலாகச் சில முறை சேர்ந்து வரும், சில முறை வராது. ஒலியை வைத்து மின்னதிர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதுதான் உண்மையான பூச்சியம்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தற்செயலாகவே என்றாலும் சேர்ந்து வருகின்றன அல்லவா? பழைய விளக்கம் சரியென்றால் இந்த எலிகளும் பயப்பட வேண்டும். அதைச் சோதித்துப் பார்ப்பதே அடுத்த வேலை.

1968 பரிசோதனை

பயத்தை எப்படி அளப்பது என்பதிலிருந்து தொடங்குவோம். பசித்த எலிக்கு நெம்புகோலை அழுத்தினால் அவ்வப்போது உணவு வரும் என்று பழக்கிவிடுவார்கள். எலி சீராக அழுத்திக்கொண்டே இருக்கும். பயம் வந்தால் அழுத்துவது குறையும். இதை ‘அடக்க விகிதம்’ என்ற எண்ணாக மாற்றுவார்கள்:

அடக்க விகிதம் = ஒலியின்போது அழுத்தியவை ÷ (ஒலியின்போது அழுத்தியவை + ஒலிக்கு முன் அதே அளவு நேரத்தில் அழுத்தியவை)

ஒலிக்கு முந்தைய 2 நிமிடத்தில் 40 முறை, ஒலி கேட்ட 2 நிமிடத்தில் 10 முறை அழுத்தியது என்று வைத்துக்கொள்வோம். 10 ÷ 50 = 0.2. பயமே இல்லையென்றால் 40 ÷ 80 = 0.5. முழுப் பயம் என்றால் 0. எண் குறையக் குறையப் பயம் அதிகம். முதல்முறை படிப்பவர்கள் இங்கேதான் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

இப்போது பரிசோதனை. ஒலி ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் நீடிக்கும். ஒலி இருக்கும்போது மின்னதிர்ச்சி வரும் வாய்ப்பு 0.4 என்று பல குழுக்களுக்கு ஒரே மாதிரி வைத்தார். ஒலி இல்லாத நேரத்தில் வரும் வாய்ப்பை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றினார்: 0, 0.1, 0.2, 0.4. ஒலியும் மின்னதிர்ச்சியும் சேர்ந்து வரும் அளவு எல்லோருக்கும் ஒன்றே. சேர்க்கைதான் கற்றல் என்றால் எல்லாக் குழுவிலும் பயம் சமமாக இருக்க வேண்டும்.

இருக்கவில்லை. ஒலி இல்லாதபோது மின்னதிர்ச்சியே வராத குழு ஒலிக்குக் கடுமையாகப் பயந்தது. அந்த வாய்ப்பு கூடக் கூடப் பயம் குறைந்தது. இரண்டு வாய்ப்பும் 0.4 என்று சமமான குழுவில் ஒலிக்குப் பயம் அநேகமாக இல்லை. எலி சேர்க்கைகளை எண்ணவில்லை. இந்த ஒலி எனக்குப் புதிதாக ஏதாவது சொல்கிறதா என்று பார்த்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் லியோன் கேமின் என்ற உளவியலாளர் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். இரைச்சலும் மின்னதிர்ச்சியும் சேர்ந்து வருவதை எலிகளுக்கு முதலில் நன்றாகப் பழக்கினார். பிறகு இரைச்சலோடு விளக்கையும் சேர்த்து அதே மின்னதிர்ச்சி. கடைசியில் விளக்கை மட்டும் காட்டிப் பார்த்தபோது அடக்க விகிதம் 0.45, பயம் இல்லை என்றே சொல்லலாம். முன்பழக்கம் இல்லாமல் நேரே இரண்டையும் சேர்த்துக் கண்ட எலிகளில் 0.05. இரைச்சலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் விளக்குக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இதற்குத் ‘தடுப்பு விளைவு’ என்று பெயர்.

1972 சமன்பாடு: எண்களோடு

யேலில் ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் சேர்ந்து இந்த முடிவுகளையெல்லாம் ஒரே வரிக்குள் கொண்டுவந்தார்கள்.

பிணைப்பில் மாற்றம் = கற்கும் வேகம் × (வந்த விளைவு − எல்லாக் குறிகளும் சேர்ந்து எதிர்பார்த்த விளைவு)

அடைப்புக்குள் இருப்பதுதான் ‘கணிப்புப் பிழை’. எதிர்பார்த்ததும் வந்ததும் ஒன்றானால் பிழை பூச்சியம், கற்றலும் நின்றுவிடும். ‘எல்லாக் குறிகளும் சேர்ந்து’ என்ற சொற்களை விட்டுவிட்டால் சமன்பாட்டின் உயிரே போய்விடும்.

கற்கும் வேகத்தை 0.3 என்றும் விளைவின் முழு அளவை 100 என்றும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. ஒரே ஒலி, புதிதாக. முதல் முறை 0.3 × (100 − 0) = 30. இரண்டாம் முறை 0.3 × (100 − 30) = 21; மொத்தம் 51. மூன்றாம் முறை 14.7, மொத்தம் 65.7. தொடக்கத்தில் பாய்ச்சல், போகப்போக மந்தம். கற்றல் வளைகோடு ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்பது இதிலிருந்தே வந்துவிடுகிறது.

2. தடுப்பு விளைவு. இரைச்சல் ஏற்கெனவே 100. விளக்கைச் சேர்த்ததும் எதிர்பார்ப்பு 100, வந்ததும் 100. பிழை பூச்சியம். விளக்குக்கு ஒன்றும் சேராது.

3. 1968 பரிசோதனை. ஒலி இல்லாத நேரத்திலும் எலி ஏதோ ஒரு இடத்தில்தானே இருக்கிறது? அந்தப் பெட்டியும் ஒரு குறிதான். ஒலி இல்லாமலும் மின்னதிர்ச்சி வந்தால் பெட்டியே அந்தப் பிணைப்பை எடுத்துக்கொள்கிறது. ஒலிக்கு மிஞ்சுவது இல்லை.

4. பாதுகாப்புக் குறி. ஒலி தனியாக வந்தால் மின்னதிர்ச்சி உண்டு. ஒலியோடு விளக்கும் எரிந்தால் இல்லை. ஒலியின் மதிப்பு 100 என்றால், இரண்டும் சேரும்போது பிழை 0 − 100 = −100. விளக்கு பூச்சியத்துக்குக் கீழே −30க்குப் போகிறது. பழக்கம் தொடர்ந்தால் −100 வரை இறங்கும்.

5. அதிக எதிர்பார்ப்பு. இதுதான் மிக அழகான முன்கணிப்பு. ஒலியையும் விளக்கையும் தனித்தனியே 100 வரை பழக்கிவிட்டு, இரண்டையும் சேர்த்து அதே ஒரு மின்னதிர்ச்சியைக் கொடுங்கள். எதிர்பார்ப்பு 200, வந்தது 100, பிழை −100. ஒவ்வொன்றும் 30 இழந்து 70க்கு இறங்கும். மின்னதிர்ச்சி தவறாமல் வந்துகொண்டிருக்கும்போதே குறிகளின் மேலுள்ள பயம் குறையும் என்று சமன்பாடு சொல்கிறது. கேட்க நம்ப முடியாததுபோல் இருந்தாலும், எலிகளில் இப்படித்தான் நடக்கிறது.

கணினிக்கும் மூளைக்கும் எப்படிப் போனது?

1960இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் மார்சியன் ஹாஃபும் மின்னணுவியலுக்காக ஒரு கற்றல் விதியை வகுத்திருந்தார்கள். கணித உருவில் அதுவும் ரெஸ்கோர்லா–வாக்னர் சமன்பாடும் ஒன்றே. எலியும் மின்சுற்றும் ஒரே விதிக்கு வந்து சேர்ந்திருப்பதை 1981இல் எடுத்துக்காட்டியவர்கள் சட்டனும் பார்ட்டோவும். சட்டன் இளநிலையில் உளவியல் படித்தவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

சமன்பாட்டில் ஒரு குறை அவர்கள் கண்ணில் பட்டது. அது ஒரு முயற்சியை முழுதாக ஒரே துண்டாகப் பார்க்கிறது. குறி எப்போது வந்தது, விளைவு எத்தனை நொடி கழித்து வந்தது என்பதற்கு அதில் இடமில்லை. நொடிக்கு நொடி கணிப்பையும் அடுத்த கணிப்பையும் ஒப்பிட்டுப் பிழையைக் கணக்கிடும் முறையைச் சட்டன் 1988இல் விரிவாக வெளியிட்டார். வலுவூட்டல் கற்றலின் முதுகெலும்பு அதுதான்.

அடுத்தது மூளை. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. குறி வந்து பிறகு சாறு என்று பழகிவிட்டால் துடிப்பு குறிக்கு மாறியது, சாறுக்கு இல்லை. குறி வந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய கணத்தில் அவற்றின் வழக்கமான துடிப்பும் தாழ்ந்தது. நேர்ப் பிழை, பூச்சியப் பிழை, எதிர்ப் பிழை என மூன்றும் அப்படியே தெரிந்தன. ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேக் மூவரும் 1997இல் இதை விளக்கினார்கள். டோபமைன் என்றால் ‘இன்ப ரசாயனம்’ என்று இன்றும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாறு அதே சாறுதான். எதிர்பார்த்துவிட்டால் துடிப்பு இல்லை.

தன் சமன்பாட்டைத் தானே சோதித்தவர்

ரெஸ்கோர்லாவின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாவது இங்கேதான். உலகமே அவர் பெயரால் ஒரு சமன்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அது எங்கே உடைகிறது என்பதை அவர் ஆய்வகமே தேடித் தேடிக் காட்டியது.

முதல் உடைவு 1974இலேயே வந்தது. பாதுகாப்புக் குறியின் மதிப்பு −100 என்றோம். அதைத் தனியாக, ஒரு விளைவும் இல்லாமல் காட்டிக்கொண்டே இருந்தால்? பிழை 0 − (−100) = +100. பாதுகாப்பு கரைந்துபோக வேண்டும். எலிகளில் அது கரையவில்லை. குறியை முன்கூட்டியே வெறுமனே பலமுறை காட்டினால் பிறகு அதைக் கற்பது தாமதமாகும் என்பது 1959 முதலே தெரிந்த உண்மை. அதற்கும் சமன்பாட்டில் விடையில்லை.

ஆழமான உடைவை 2000இல் அவரே கொண்டுவந்தார். சேர்ந்து வரும் இரண்டு குறிகளும், கற்கும் வேகம் ஒன்றானால், ஒரே பொதுப் பிழையால் சம அளவு மாற வேண்டும் என்கிறது சமன்பாடு. இதைச் சோதிப்பது எளிதல்ல. ஒன்று உச்சத்திலும் மற்றொன்று அடிமட்டத்திலும் தொடங்கினால், எது எவ்வளவு மாறியது என்பதை எதிர்வினையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. 80லிருந்து 90க்கும் −80லிருந்து −70க்கும் போவது எலியின் நடத்தையில் ஒரே அளவாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. மறுபடியும் அதே கேள்வி: எதோடு ஒப்பிடுவது? அவர் செய்த ஏற்பாடு இது:

1. அ, இ என்ற இரண்டு குறிகளை உணவுக்கான குறிகளாகப் பழக்கு.
2. உ, எ என்ற இரண்டை உணவு வராது என்பதற்கான குறிகளாகப் பழக்கு.
3. அ, உ இரண்டையும் சேர்த்து உணவு கொடு. இ, எ இரண்டையும் தொடாதே.
4. சோதனையில் ‘அ + எ’ ஜோடியையும் ‘இ + உ’ ஜோடியையும் ஒப்பிடு.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு உணவுக் குறி, ஒரு உணவில்லாக் குறி. ஒவ்வொன்றிலும் மாறியது ஒன்று, மாறாதது ஒன்று. தொடக்கக் கூட்டுத்தொகை சமம். ஆகவே சோதனையில் வித்தியாசம் தெரிந்தால் அது அ, உ இரண்டும் வெவ்வேறு அளவில் மாறியதால் மட்டுமே இருக்க முடியும். ‘இ + உ’ ஜோடிக்கே எதிர்வினை அதிகமாக இருந்தது. அதாவது, தன் பங்குக்கு அதிகம் தவறாகக் கணித்த ‘உ’ அதிகம் மாறியது. பொதுப் பிழை மட்டும் போதாது, ஒவ்வொரு குறியின் தனிப் பிழைக்கும் பங்குண்டு என்று ஆயிற்று. கையிலிருக்கும் நான்கு குறிகளை மாற்றி ஜோடி சேர்த்தே இதைச் சாதித்தார். புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொரு திசையிலும் அவர் ஆய்வகம் வேலை செய்தது. 1985இல் ரூத் கோல்வில்லுடன் சேர்ந்து எலிகளுக்கு இரண்டு செயல்களையும் அவற்றுக்கு இரண்டு வெவ்வேறு உணவுகளையும் பழக்கினார். பிறகு ஒரு உணவை மட்டும், குமட்டலை உண்டாக்கி, வெறுக்கச் செய்தார். உணவே தராத சோதனையில் எலிகள் அந்த உணவுக்குரிய செயலைக் குறைத்துக்கொண்டன. எந்தச் செயலுக்கு எது கிடைக்கும் என்பது எலிக்குத் தெரிகிறது. குருட்டுப் பழக்கம் என்று ஒதுக்க முடியாது.

மறைந்தது அழிந்ததல்ல

ஒலிக்குப் பயந்த எலிக்கு மின்னதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் பலமுறை கொடுத்தால் பயம் மறையும். சமன்பாட்டின்படி மதிப்பு பூச்சியத்துக்கு வந்துவிட்டது. பழைய பிணைப்பு அழிந்துவிட்டது. உண்மையில் அழிவதில்லை.

சில நாள் இடைவெளி விட்டு ஒலியைக் கொடுத்தால் பயம் ஓரளவு திரும்புகிறது. வேறு பெட்டிக்கு மாற்றினால் திரும்புகிறது. 1975இல் ரெஸ்கோர்லாவும் டொனால்ட் ஹெத்தும் காட்டியது போல, ஒலியே இல்லாமல் மின்னதிர்ச்சியை மட்டும் கொடுத்தாலும் திரும்புகிறது. பழைய பாடம் அப்படியே கிடக்க, அதன்மேல் ‘இப்போது, இங்கே வராது’ என்ற புதுப் பாடம் படிந்திருக்கிறது.

பயத்துக்கான சிகிச்சையில் இதன் விளைவு

பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சையை மனநல வல்லுநர்கள் செய்கிறார்கள். மிஷெல் கிராஸ்கேயும் சக ஆய்வாளர்களும் 2014இல் அதைக் கற்றல் ஆய்வுகளின் அடிப்படையில் மறுவடிவமைத்து எழுதினார்கள். சமன்பாட்டின் எண்களிலேயே அதைப் பார்க்கலாம்.

1. எதிர்பார்ப்பு உடைய வேண்டும். பிழையே கற்றலின் எரிபொருள். அதனால் ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்’ என்று திட்டவட்டமாகக் கேட்டு எழுதிவைத்து, முடிந்ததும் நடந்ததோடு ஒப்பிடுகிறார்கள். பதற்றம் தணியும்வரை உட்கார்ந்திருப்பது இங்கே அளவுகோல் அல்ல.

2. தனித்தனியே குறைத்த பயங்களைச் சேர்த்து எதிர்கொள்வது. இரண்டு குறிகள் ஒவ்வொன்றும் 20க்கு இறங்கியிருக்கின்றன. தனியாகத் தொடர்ந்தால் அடுத்த முறை 6 குறையும். சேர்த்துக் காட்டினால் எதிர்பார்ப்பு 40; ஒவ்வொன்றும் 12 குறையும். இப்படிச் சேர்த்துக் காட்டினால் பயம் மேலும் ஆழமாக மறைகிறது என்பதை ரெஸ்கோர்லா 2006இல் விலங்குகளில் காட்டினார்.

3. இடத்தை மாற்றுவது. மருத்துவரின் அறையில் மட்டும் பழகிய தைரியம் அந்த அறையோடு ஒட்டிக்கொள்ளும். தெரு, வீடு, பேருந்து, வெவ்வேறு நேரம் எனப் பல சூழலில் பழக வேண்டும். நாள் கழித்துப் பயம் சற்றுத் தலைகாட்டினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை; அது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்று முன்பே சொல்லி வைப்பது அவசியம்.

4. துணைக்கு வைத்திருப்பவற்றை விலக்குவது. அடிக்கடி தவறுவது இங்கேதான். நாய்க்குப் பயப்படும் ஒருவர் நாயின் அருகே போகிறார். ஆனால் கணவர் கையை இறுகப் பிடித்திருக்கிறார். நாய் 80, கை −80. கூட்டினால் எதிர்பார்ப்பு பூச்சியம்; நாய் கடிக்கவில்லை, வந்ததும் பூச்சியம். பிழை இல்லை. பத்து முறை போய்வந்தாலும் நாயின் 80 அப்படியே இருக்கும். அவர் மனதில் பதிவது ‘இவர் கையைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்’ என்பதே. பையில் வைத்திருக்கும் மாத்திரை, ஓரக்கண்ணால் பார்த்து வைத்த வெளிவாசல், காதில் ஒலிக்கும் கைப்பேசி எல்லாமே இந்தக் கையின் வேலையைச் செய்யக்கூடியவை. முதல் சில அடிகளுக்கு அந்தக் கை தேவைப்படலாம். எந்த அமர்வில் அதை விடுவது என்பதைச் சிகிச்சை தருபவரும் பெறுபவரும் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.